அதில் தோட்டா இல்லையாம்

"அதில் தோட்டா இல்லை, சார். நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று தொலைபேசியில் சொன்னவர் ஒரு போலீஸ்காரர். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில், இரவுப் பணி முடிந்த களைப்போடு, எனக்கு ஆறுதல் சொல்வதற்கென்றே அழைத்திருந்தார். நன்றி சொல்லி வைத்துவிட்டு, அடுக்களையில் நின்ற மனைவியிடம், "அதில் தோட்டா இல்லையாம்" என்றேன். அவர் சொன்ன ஆங்கிலத்தில் இல்லாத ஓர் 'ஆம்' என் தமிழில் தானாக வந்து ஒட்டிக்கொண்டதை அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தேன். அன்றிலிருந்து அந்த ஈரெழுத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். 2022 நவராத்திரி, சனிக்கிழமை, இரவு எட்டரை மணி இருக்கும். மனைவியும் மகளும் மாலையிலேயே ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தார்கள். அவர்களை அழைத்து வரப் போனேன். கிழக்குப் பென்சில்வேனியாவில் நாங்கள் இருக்கும் பக்கம், ஊர் முடிந்ததும் தெருவிளக்கும் முடிந்துவிடும். இரண்டு புறமும் மக்காச்சோளக் கொல்லை, நடுநடுவே சாலையை விட்டு உள்வாங்கிய வீடுகள். "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று கைபேசி சொன்ன இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டிப்பாதைகள் இருந்தன. இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டு முதல் பாதையில் நுழைந்தேன். வாசலில் செருப்புக் குவியலைத் தேடினேன். கொலு வீட்டுக்கு அதைவிட அடையாளம் வேண்டாம். செருப்பு ஒன்றுகூட இல்லை. தப்பான வீடு என்று உறைப்பதற்குள் முன்வாசல் விளக்கு எரிந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இறங்கி வந்தார். இரண்டு கைகளாலும் எதையோ பிடித்திருந்தார். கைவிளக்கு என்று நினைத்தேன்.

ஆறடி தூரத்தில், என் கார் கண்ணாடிக்கு நேராக, கைத்துப்பாக்கி. இப்போதே வெளியே போ, இல்லாவிட்டால் சுட்டுவிடுவேன் என்று மூன்று முறை சொன்னார். கத்தவில்லை. ரயில் நிலைய அறிவிப்பு போல ஒரே தொனியில் சொன்னார். இருபது ஆண்டுகளாக இந்த நாட்டில் பேசிப் பிழைத்த ஆங்கிலம் எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை. "தப்பான வீடு, தப்பான வீடு" என்று நான் அவரிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இதுவும் பிறகுதான் புரிந்தது. நினைவில் உறைந்திருப்பது அவர் முகம் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அரைகுறையாகத் திருப்பி நிறுத்தியதால் அணையாமல் விட்ட அந்த இண்டிகேட்டர், 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டே இருந்தது. எத்தனை முறை அடித்தது என்று எண்ணத் தொடங்கியிருந்தேன். பதினேழு வரை எண்ணினேன்.

பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தேன். வண்டியின் பின்பாதி சாலைக்குள் நுழைந்தபோது ஒரு லாரியின் ஹாரன் காதைக் கிழித்தது; என் வண்டியை உரசுவது போல வளைந்து போனான். கொலு வீட்டுக்காரர்தான் 911-ஐ அழைத்தார். போலீஸ் அந்த மனிதரின் வீட்டுக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர் எதையும் மறுக்கவில்லை. சமையலறை இழுப்பறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். வேறொரு இழுப்பறையிலிருந்து, தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசினைக் கொடுத்தார். நீட்டியபோதும் காலியாகத்தான் இருந்தது, மிரட்டி அனுப்பத்தான் எடுத்துவந்தேன் என்றார்.

தோட்டா இல்லை என்ற சேதி பரவியதும் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. ஊரிலிருந்து அம்மா, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டதைச் சொன்னாள். அலுவலக நண்பர் ஒருவர், "அப்படியானால் ஒன்றும் ஆகியிருக்காது, விடுங்கள்" என்றார். ஒன்றும் ஆகியிருக்காது என்ற அந்தச் சொற்றொடர் என்னைப் படுத்தியதுபோல அந்த மனிதரின் மிரட்டல்கூடப் படுத்தவில்லை. ஆறடி தூரத்தில் துப்பாக்கிக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யார் முடிவு செய்தது?

பீட்சா கடைக்குப் பக்கத்து நீதிமன்றம்

முதற்கட்ட விசாரணை நவம்பரில் நடந்தது. அமெரிக்க நீதிமன்றம் என்றதும் மனத்தில் எழும் வெள்ளைத் தூண்கள் எதுவும் கிடையாது. ஒரு பீட்சா கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே வாடகைக் கட்டடத்தில் இருந்த சிறிய கூடம். அவர் மீது மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, மிரட்டல், இந்த மாநிலச் சட்டம் அதைப் 'பயங்கரம் விளைவிக்கும் மிரட்டல்' என்று பெரிய பெயரால் அழைக்கிறது, ஐந்து ஆண்டுவரை தண்டனை. இரண்டு, உடல்மொழியாலேயே ஒருவரை அச்சுறுத்த முயலும் எளிய வகைத் தாக்குதல், இரண்டு ஆண்டுவரை. மூன்று, பிறர் உயிரை அசட்டையாக ஆபத்துக்குள்ளாக்குதல், அதற்கும் இரண்டு ஆண்டு. விபரீதம் இன்னது என்று தெரிந்தும், நடந்தால் நடக்கட்டும் என்று துணிவதே சட்டம் சொல்லும் அந்த அசட்டை.

முதல் நாள் இரவு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். தூக்கம் போனது, இருட்டிய பிறகு வண்டி எடுக்க முடியாமல் போனது, மகள் தோழி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வீட்டு எண்ணை மூன்று முறை சரிபார்க்கச் சொல்வது. சட்டைப்பையில் அந்தத் தாள் கடைசிவரை மடிந்தே இருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மிக மரியாதையாகக் கேட்டார். துப்பாக்கிக்குள் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா? இல்லை. அவர் விசையை இழுத்தாரா? இல்லை. தோட்டா நிரப்பும் சத்தம் எதுவும் கேட்டதா? இண்டிகேட்டர் சத்தம்தான் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அப்படியானால் தோட்டா இருந்தது என்று உங்களால் சொல்ல முடியாது, அல்லவா? சொல்ல முடியாது.

என் பயத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லையே என்று அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் தாழ்வாரத்தில் ஆற்றாமையாகச் சொன்னேன். இளம்பெண், ஒரு கையில் ஏழெட்டுக் கோப்புகள். அவர் பொறுமையாக விளக்கினார். மிரட்டல் குற்றத்தில், மிரட்டியவரால் சொன்னதைச் செய்ய முடியுமா என்பதும் கேள்வி இல்லை, கேட்டவர் அதை நம்பினாரா என்பதும் கேள்வி இல்லை. பயமுறுத்தும் நோக்கம் அவருக்கு இருந்ததா என்பதே கேள்வி. இரண்டாவது குற்றத்திலும் அப்படித்தான். அச்சுறுத்த 'முயன்றார்' என்று காட்டினால் போதும். மூன்றாவதில் கேள்வி ஆபத்தைப் பற்றியது. ஆக, மூன்று பிரிவுகளில் ஒன்றில்கூட நான் பயந்தேனா என்பதை நிரூபிக்கத் தேவையில்லை. "உங்களுக்கு அது வசதிதான்" என்றார். சட்டப்படி உண்மை. ஆனால் அந்த இரவில் என்னிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பயம்தான். அது எந்தக் கட்டத்திலும் நிரப்ப வேண்டாத தகவலாகிவிட்டது.

ஒரு தோட்டா

2023 ஏப்ரல் நடுவில் அந்த அரசுத் தரப்பு வழக்கறிஞர் அழைத்தார். மூன்றாவது குற்றச்சாட்டைக் கைவிடப்போவதாகச் சொன்னார். பென்சில்வேனியாவில் 1978-இலிருந்து நிலைத்திருக்கும் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு, ட்ரோபிரிட்ஜ் வழக்கு, குறுக்கே நிற்கிறது. தோட்டா இல்லாத துப்பாக்கியைப் போலீஸ்காரர்களை நோக்கி நீட்டிய ஒருவருடைய மேல்முறையீடு அது. ஆபத்து நிஜமாக இருந்திருக்க வேண்டும், ஆபத்து இருக்கிறது என்ற அச்சம் மட்டும் போதாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீங்கு செய்யும் திறன் உண்மையாகவே கையில் இருக்க வேண்டும், இருப்பதுபோலத் தோன்றினால் ஆகாது. "நாற்பது நிமிடம் இருந்ததே" என்றேன். "அதற்குள் கழற்றி வைத்திருக்கலாமே?" வைத்திருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். "ஆனால் இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு நான் ஜூரி முன்னால் போய் நிற்க முடியாது."

போனை வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மனத்துக்குள் ஒரு வாக்கியம், யாரோ காதில் சொன்னது போலத் தெளிவாக வந்தது: ஒரே ஒரு தோட்டா அதில் இருந்திருக்கக் கூடாதா?

எழுதி மூன்று முறை அழித்த வரி இது. நான் நினைத்ததை நாகரிகமாகச் சொல்லிவிட வேறு வழி தெரியவில்லை. என் மார்பிலிருந்து ஆறடி தூரத்தில் இருந்த துப்பாக்கியில் ஒரு தோட்டா இருந்திருந்தால், நான் பட்டது 'ஒன்றும் ஆகியிருக்காது' என்ற கணக்கில் சேர்ந்திருக்காது. மூன்றாவது குற்றச்சாட்டு நின்றிருக்கும். அந்தப் பதினேழு 'டிக்'குகளுக்கும் ஒரு சட்டப்பிரிவு எண் கிடைத்திருக்கும். என் உயிர் போகக்கூடிய இடத்தில் இருந்தது என்று அரசு முத்திரையோடு ஒரு தாள் வந்திருக்கும். அந்தத் தாளுக்காக நான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், சாவுக்கு இன்னும் ஓரடி பக்கத்தில் நின்றிருக்க ஆசைப்பட்டேன்.

அதே வாரம்தான் நியூயார்க் மாநிலத்தின் ஹீப்ரன் ஊர்ச் செய்தி வந்தது. ஏப்ரல் 15, சனிக்கிழமை இரவு. நண்பர் வீட்டைத் தேடிப் போன இளைஞர் கூட்டம் தப்பான வண்டிப்பாதையில் நுழைந்துவிட்டது. தவறு தெரிந்து வண்டிகள் திரும்பிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் சுட்டார். காரில் இருந்த 20 வயதுப் பெண் இறந்தாள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் கான்சஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்து வரப் போய்த் தப்பான வீட்டு மணியை அடித்த 16 வயதுப் பையன் தலையில் சுடப்பட்டிருந்தான், அவன் பிழைத்துக்கொண்டான். ஹீப்ரன்காரருக்கு அடுத்த ஆண்டு தண்டனை வந்தது, 25 ஆண்டு முதல் ஆயுள்வரை. கொலைக்குற்றத்தோடு இன்னொரு குற்றமும் நிரூபணமாகியிருந்தது: பிறர் உயிரை அசட்டையாக ஆபத்துக்குள்ளாக்குதல். எனக்குக் கிடைக்காத அதே பிரிவு. அங்கே தோட்டா இருந்தது. தொலைக்காட்சியில் அந்தப் பெண்ணின் பள்ளிக்காலப் படத்தைக் காட்டியபோது எழுந்து போய்விட்டேன். என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள். தலைவலி என்றேன். நான் எதற்கு ஆசைப்பட்டேன் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

காலித் துப்பாக்கி என்றால் என்ன

அதன்பிறகு சில மாதங்கள், புண்ணை நாக்கு தேடிப் போவது போல, இந்த ஒரு கேள்வி மீதான தீர்ப்புகளையே படித்தேன். வழக்கறிஞன் இல்லை நான், தரவுத்தளம் பராமரிக்கிறவன். ஆனாலும் விசித்திரமாக இருந்தது. காலித் துப்பாக்கி ஆபத்தானதா என்ற கேள்விக்கு ஒரே நாட்டில், ஒரே மொழியில், இத்தனை விடைகள்.

1984 ஜூலை மாதம், பால்டிமோரில் ஒரு வங்கி. காலை ஒன்பதரை மணிக்கு முகமூடியும் கையுறையும் அணிந்த இரண்டு பேர் நுழைகிறார்கள். ஒருவன் துப்பாக்கியைக் காட்டி எல்லோரையும் கையைத் தூக்கச் சொல்கிறான். மற்றவன் மேசையைத் தாண்டிக் குதித்து 3,400 டாலரைப் பழுப்புக் காகிதப் பையில் திணிக்கிறான். வாசலிலேயே பிடிபடுகிறார்கள். துப்பாக்கி காலி. அப்படியானால் அது 'ஆபத்தான ஆயுதம்' ஆகுமா, தண்டனை கூடுமா? 1986-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் ஆகும் என்றார்கள். நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய மிகச் சிறிய தீர்ப்பு. மூன்று காரணங்கள். துப்பாக்கி என்பது இயல்பிலேயே ஆபத்துக்காகச் செய்யப்பட்ட பொருள். இரண்டாவது, அதைக் காட்டினாலே சாதாரண மனிதருக்குப் பயம் வரும். அந்தப் பயத்தால் யாராவது வன்முறையில் எதிர்வினை செய்யும் ஆபத்து அந்தக் கணமே பிறந்துவிடுகிறது. மூன்றாவது, தோட்டா இல்லாவிட்டாலும் மண்டையில் அடிக்கலாம். மூன்றாவது காரணத்தைப் படித்துச் சிரித்தேன். இரண்டாவது காரணத்தில் வெகுநேரம் நின்றேன். என் வண்டியின் பின்பாதி சாலைக்குள் நுழைந்ததும் லாரி அலறியதும் அதுதானே! தோட்டா இல்லாத துப்பாக்கி என்னை நிஜமான லாரிக்கு முன்னால் தள்ளியது. அந்த ஆபத்தில் 'ஆம்' கிடையாது. அதை நான் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு மின்னஞ்சலில் எழுதவும் செய்தேன். நல்ல வாதம் என்று பதில் வந்தது. புகாரில் லாரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றும் வந்தது. போலீஸ்காரரிடம் அன்றிரவு நான்தான் லாரியைப் பற்றிச் சொல்லவே இல்லை. துப்பாக்கியைப் பற்றி மட்டுமே பேசியிருந்தேன்.

பால்டிமோர் தீர்ப்பு வங்கிக் கொள்ளைச் சட்டத்துக்கானது, பென்சில்வேனியாவைக் கட்டுப்படுத்தாது. இங்கே எரிச்சலூட்டும் இன்னொரு சங்கதி. அமெரிக்கச் சட்டக் கழகம் 1962-இல் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு மாதிரிக் குற்றச் சட்டம் எழுதிக் கொடுத்தது. தெரிந்தே ஒருவரை நோக்கித் துப்பாக்கியை நீட்டினால், அதில் தோட்டா இருப்பதாக நீட்டியவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும், அசட்டையும் ஆபத்தும் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு வாக்கியம் உண்டு. பென்சில்வேனியாவின் சட்டம் அந்த மாதிரியை ஒட்டி எழுதப்பட்டதுதான். ஆனால் இந்த ஒரு வாக்கியம் அதில் இல்லை. அதே நேரம், 'ஆபத்துக்குள்ளாக்குகிற அல்லது ஆபத்துக்குள்ளாக்கக்கூடிய' செயல் என்றுதான் இங்குள்ள பிரிவு பேசுகிறது. 'கூடிய' என்ற சொல் எதற்காக அங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. புல் வெட்டும் பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வோர் ஆண்டும் நன்றி தெரிவிக்கும் நாள் கழிந்த கையோடு மான் வேட்டைக்குப் போகிறவர். அவரிடம் கேட்டேன். துப்பாக்கியைத் தொட்டுப் பழகும் குழந்தைக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது என்ன தெரியுமா என்றார்: எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது. காலித் துப்பாக்கி என்று உலகில் ஒன்று கிடையாது. சட்டக் கழகத்துப் பேராசிரியர்களும் மான் வேட்டைக்காரரும் ஒரே கட்சி.

இங்கிலாந்துக்காரர்கள் இதை இன்னும் பழைய காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். 1840-இல் பார்க் என்ற நீதிபதி, தோட்டா இருப்பதாகத் தோன்றும் துப்பாக்கியை நீட்டி எதிரில் நிற்பவரைக் கலங்கடிப்பதைத் தடுக்கத்தானே சட்டம் இருக்கிறது என்று கேட்டார். படித்ததும் அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் பயத்தைத் தராசில் வைத்தால் என்ன ஆகும் என்பதை அதே நாட்டின் இன்னொரு வழக்கில் பார்த்துத் திடுக்கிட்டேன். 1967-இல் மேல்முறையீட்டுக்கு வந்த லாம்ப் வழக்கு. ஐந்து அறைகள் கொண்ட ரிவால்வர், இரண்டில் தோட்டா. குழாய்க்கு நேரே உள்ள அறை காலி. விளையாட்டுக்கு நண்பனை நோக்கி நீட்டி விசையை இழுத்தார் லாம்ப். விசையை இழுத்தால் உருளை சுழன்று அடுத்த அறை நேருக்கு வரும் என்பது அவருக்குத் தெரியாது. நண்பன் செத்தான். மூன்றாண்டுத் தண்டனை பெற்ற லாம்ப்பின் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. காரணங்களில் ஒன்று, நண்பனும் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டான், பயப்படவில்லை. பயம் இல்லாத இடத்தில் தாக்குதலும் இல்லை. பயப்படாதவன் செத்தான், பயந்தவன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பயத்தை எண்ணுகிற சட்டத்தில் அவனுக்கு இடமில்லை, ஆபத்தை எண்ணுகிற சட்டத்தில் எனக்கு.

506(2)

சித்தப்பா தஞ்சாவூர்ப் பக்கம் போலீஸ் நிலையங்களில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பிரிவுகளையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, நம் ஊராக இருந்தால் ஐந்து நிமிட வேலை. 294(b), 506(2). கூடவே ஆயுதச் சட்டம்." தமிழ்நாட்டில் வாய்க்கால் வரப்புத் தகராறு எதன் முதல் தகவல் அறிக்கையை எடுத்தாலும் ஆபாசமாகத் திட்டி, கொலை மிரட்டல் விடுத்தார் என்ற இரண்டும் இல்லாமல் இருக்காது. 2024 ஜூலையில் இந்தியாவில் புதிய குற்றச் சட்டம் வந்ததிலிருந்து எண்கள் மாறிவிட்டன. 506 இப்போது 351 ஆகிவிட்டது. சித்தப்பாவுக்கு அந்த எண் வாயில் வருவதில்லை.

நம் ஊர்ச் சட்டத்தில் பயத்துக்கு இடம் இருக்கிறதே என்று ஆவலாகக் கேட்டேன். இருக்கிறதுதான். வெறும் வாய்ச்சொல் போதாது, மிரட்டல் நிஜமானதாக இருக்க வேண்டும், சொன்னவருக்கு அந்த எண்ணமும் இல்லாமல் கேட்டவரும் கலங்காமல் இருந்தால் 506(2) நிற்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் எண்பதுகளிலேயே சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி அந்தப் பிரிவு உதிர்ந்துபோன வழக்குகள் ஏராளம். "அதற்கு என்ன செய்வீர்கள் சித்தப்பா?" என்றேன். "எழுதிக் கொடுத்துவிடுவோம். 'மேற்படி நபரின் செயலால் உயிருக்குப் பயந்து' என்று ஒரு வரி. எல்லாப் புகாரிலும் அதே வரி. அடித்தவனும் பயந்திருப்பான், அடி வாங்கியவனும் பயந்திருப்பான்." நாற்பது ஆண்டு அனுபவம் தந்த அலட்சியத்தோடு சொன்னார். என் சட்டைப்பையில் மடிந்து கிடந்த தாள் நினைவுக்கு வந்தது. நான் உட்கார்ந்து எழுதிய தூக்கமின்மையும் மகளின் வீட்டு எண்ணும் ரைட்டர் கையில் கிடைத்திருந்தால் 'உயிருக்குப் பயந்து' என்ற இரண்டு சொல்லாகியிருக்கும். கேட்கப்படாமல் போனதே மேல் என்று முதன்முறையாகத் தோன்றியது. முழுமையாக இல்லை. கொஞ்சம்.

வழக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டால் நண்பர்கள் கோபிப்பார்கள். இரண்டாவது குற்றத்தை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார். மற்ற இரண்டும் கைவிடப்பட்டன. ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, என் பக்கம் வரக் கூடாது. அவர் வழக்கறிஞர் விடாப்பிடியாகப் பேரம் பேசியது சிறையைத் தவிர்ப்பதற்கு என்று நினைத்திருந்தேன். இல்லையாம். ஐந்தாண்டுவரை தண்டனைக்குரிய மிரட்டல் குற்றம் நிரூபணமானால் கூட்டாட்சிச் சட்டப்படி வாழ்நாளெல்லாம் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. இரண்டாண்டுக்கு மேற்படாத சிறுகுற்றமென்றால் அந்தத் தடை இல்லை. அத்தனை வாய்தாவும் அவர் துப்பாக்கிகளுக்காக நடந்தது. என் பயமும் இல்லை, என் உயிரும் இல்லை, அந்த இழுப்பறைதான் வழக்கின் மையம். இந்தச் சேதிக்கு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். களைப்பாக இருந்தது.

ட்ரோபிரிட்ஜ் தீர்ப்பை இப்போது மீண்டும் படித்தால் முன்பு போல ஆத்திரம் வருவதில்லை. நடக்காத ஆபத்துக்கு ஒருவரை உள்ளே தள்ளக் கூடாது என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. நிரூபிக்க முடியாததை நிரூபித்ததாகப் பாவனை செய்ய மறுத்த அந்த வழக்கறிஞர் பெண்ணிடமும் அதே நேர்மையைப் பார்த்தேன். ஆனால் அந்த நீதிமன்றம் இறந்தகாலத்தில் பேசுகிறது. தோட்டா இருந்ததா, இல்லையா என்று. காருக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தக் காலம் வாய்க்கவில்லை. எனக்கு இருந்தது 'டிக்' என்ற நிகழ்காலம் மட்டும். அதற்குள் இருந்து பார்த்தால் எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது.

சென்ற நவராத்திரிக்கு அதே வீட்டுக் கொலுவுக்கு அழைப்பு வந்தது. மூன்று பேரும் ஒரே வண்டியில் போனோம். அந்த மனிதரின் வண்டிப்பாதை முகப்பில் இப்போது பச்சை நிறத்தில், வெளிச்சம் பட்டால் மின்னும் பெரிய எண் பலகை நட்டிருக்கிறார். யாருக்காக நட்டார் என்று தெரியவில்லை. என் முகப்பு விளக்கு அதன்மேல் விழுந்ததும் எண்கள் பளிச்சென்று எழுந்து நின்றன. மகள் அதை உரக்கப் படித்தாள். அடுத்த பாதைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். நான் வேகத்தைக் குறைத்தேன்.

"இண்டிகேட்டர் போடவில்லையா?" என்றாள் மனைவி.

பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. போடாமலேயே திரும்பினேன்.